திருநீறு பூசிய நெகட்டிவ்

“இந்தப் படத்துல நிக்கிறது என் மகனா, இல்லையா? சாயங்காலப் பூசைக்குள்ள எனக்குத் தெரியணும்.”

பிலோமினம்மாள் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு துண்டைப் பரமசிவம் சாரின் மேசைமேல் வைத்தார். அது நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு எடுத்து வந்திருந்தார். அவர்தான் நன்றாக நனைந்திருந்தார்.

அவருடைய குடையை வாங்கிக் கதவோரம் விரித்து வைத்தேன். பச்சைக் குடை. ஒரு பக்கம் கிழிந்து, அந்த இடத்தில் மஞ்சள் துணி வைத்துத் தைத்திருந்தது. இந்த ஊரில் புதுக் குடை கிடைக்காத தெரு கிடையாது. சிலருக்கு எதையும் தூக்கி எறிய மனசு வராது என்று நினைத்துக்கொண்டேன்.

என் பெயர் ரபியா. துப்பறிவாளர் பரமசிவத்தின் ஒரே டைப்பிஸ்ட், ஒரே உதவியாளர், அவருடைய பேச்சுக்குப் பதில் பேச இருக்கும் ஒரே ஜீவன். ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே ஆணி, போல்ட், குழாய். மேலே நாங்கள் இரண்டு பேர். இந்த எண்பத்து மூன்றாம் வருஷம் முழுக்க எங்களைத் தேடி வந்தவர்களைவிட, வழி தவறி மாடியேறி வந்து குழாய் கேட்டவர்கள்தான் அதிகம்.

“மகன் பேரு?” என்றார் பரமசிவம் சார்.

“இயேசுதாசன். கப்பல்ல ஸ்டூவர்டு வேலைக்குன்னு போனான். ஏழு வருஷம் ஆச்சு. கப்பல் முழுகிடுச்சு, உங்க மகனைக் காணோம்னு கம்பெனி ஆளு வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. உடம்பு கிடைக்கலை.”

“ஏழு வருஷம் பொறுத்தீங்க. இன்னைக்கு என்ன அவசரம்?”

“இன்னைக்குக் கல்லறைத் திருநாள். செத்தவங்க பேரையெல்லாம் ஃபாதர் பூசையில வாசிப்பாரு. என் மக ஜோன் இந்த வருஷம் அவ தம்பி பேரையும் குடுத்துட்டா. இத்தனை நாளா நான் விடலை. ஒரு தடவை அந்தக் கூட்டத்துல அவன் பேரை வாசிச்சுட்டா, அப்புறம் நான் யாருக்காகக் கதவுல தாழ்ப்பாள் போடாமத் தூங்கறது?”

நான் படத்தைக் குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள். பின்னால் மூடிய கடை. நெற்றியில் பளிச்சென்று திருநீறு. கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் எங்கேயோ பார்க்கிறான். கீழே, ‘தைப்பூச பக்தர். புகைப்படக் கழகப் போட்டியில் முதல் பரிசு. எடுத்தவர் மருதப்பன்’ என்று போட்டிருந்தது.

“முகம் அவன் முகம்தான்,” என்றார் பிலோமினம்மாள். “ஆனா திருநீறு பூசியிருக்கானே! எங்க வீட்டுப் பிள்ளை எப்படிப் பூசுவான்? அதோட இயேசுதாசனுக்கு இடது புருவத்துல வெட்டு உண்டு. சின்னதுல ஊஞ்சல்லேர்ந்து விழுந்தான், அங்க முடியே முளைக்கலை. இவனுக்கு முழுப் புருவம். ‘பேப்பர்ல வர்ற எல்லா மூஞ்சியிலயும் நீ தம்பியைத் தேடுறேம்மா’ன்னு ஜோன் திட்டுறா.”

“தேடுறீங்களா?”

“ஆமா.”

பரமசிவம் சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, “கடைசியா அவர்கிட்ட என்ன பேசினீங்க?” என்று கேட்டார்.

அந்த அம்மா குடையைப் பார்த்தார். “ஒரு வார்த்தை பேசினேன். அது வேணாம், விடுங்க. நான் கோயில்ல இருப்பேன்.”

குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கதவோரம் தண்ணீர் மட்டும் வட்டமாகத் தேங்கி நின்றது.

“என்ன தெரியுது ரபியா?”

“உங்களுக்கு முகம் தெரியும் சார். எனக்கு முதுகுக்குப் பின்னால இருக்கிற கடை தெரியுது. சீனக் கடை. பட்டப்பகல்ல பூட்டிக் கிடக்குது. வாசல்ல ரெண்டு தொட்டியில குட்டி ஆரஞ்சு மரம், கதவுக்கு மேல அலங்காரத் துணி. இது சீனப் புத்தாண்டு லா! தைப்பூசத்துக்கு எந்த தவுக்கே, எந்த முதலாளி கடையைப் பூட்டிட்டு வீட்டுல உக்காந்திருப்பான்?”

“சபாஷ். இந்த வருஷம் தைப்பூசம் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சுதான் புத்தாண்டு வந்துச்சு. அப்போ இது தைப்பூசப் படம் இல்லை. பக்தர் எதுக்குத் திருநீறு பூசினார்?” அவர் விரல் அந்த ஆளின் கண்களுக்கு நகர்ந்தது. “அதைவிட முக்கியம், இவர் எதைப் பார்க்கிறார்?”

“சம்சு விக்கிற சாராயக் கடையை?”

“சம்சுக் கடையைப் பார்க்கிறவன் இப்படிப் பார்க்கமாட்டான்.”

அது சரிதான். அந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறேன். பஸ் போன பிறகு ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

மருதப்பனின் ஸ்டுடியோ டன்லப் தெருவில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கல்யாண ஜோடிகள், பட்டம் வாங்கிய பிள்ளைகள். நடுவில் பெரிய சட்டத்தில் ஓர் அம்மா, காதோரம் நரைத்து, லேசாகச் சிரித்தபடி.

“அண்ணி லட்சணமா இருக்காங்க அண்ணே. உள்ளேதான் இருக்காங்களா?” என்றேன், பேச்சைத் தொடங்க.

“செத்துட்டா,” என்றார் மருதப்பன். “இருபத்து நாலு வயசுல.”

என் வாய் மூடிக்கொண்டது. அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

“வருஷா வருஷம் அவ நினைவு நாள் அன்னைக்கு நான்தான் கொஞ்சம் நரை வைப்பேன். கண்ணுக்குக் கீழே ஒரு கோடு. நான் கிழவன் ஆயிட்டே போறேன், அவ மட்டும் குமரியா உக்காந்திருந்தா ஜோடியாவா இருக்கும்?” பிறகு குரல் மாறியது. “ரெண்டு பேரும் யாரு? அந்த பெர்னார்ட் அனுப்பினாரா?”

“எந்த பெர்னார்ட்?” என்றார் சார்.

“எங்க கழகத்துல இருக்கிற மகாத்மா. ஸ்லைடு ஃபிலிம்தான் சத்தியமாம், நெகட்டிவ்ல எடுக்கிறவன் எல்லாம் திருடனாம். ஸ்லைடு எடுக்கிறது சோம்பேறித்தனம் லா! ஃபிலிமை லேபுக்கு அனுப்பிட்டுக் காலாட்டிக்கிட்டு இருந்தாப் போதும். நெகட்டிவ்னா பாதிச் சமையல், மீதியை இருட்டறையில நான் சமைக்கணும். கல்யாணப் பொண்ணு வந்து, அப்பா இல்லாத குடும்பப் படத்தைக் குடுத்து அழுறா. பழைய படத்துலேர்ந்து அப்பாவை எடுத்துப் பக்கத்துல நிக்க வைக்கிறேன். பொய்யா? அந்தப் பொண்ணுகிட்டப் போய்க் கேளுங்க!”

“நாங்க கழகத்து ஆளுங்க இல்லை. சீனப் புத்தாண்டுல தைப்பூசம் கொண்டாடினீங்களே, அதையும் யார்கிட்டயும் சொல்லமாட்டோம்,” என்று சார் பத்திரிகைத் துண்டை நீட்டினார். “நெகட்டிவை மட்டும் காட்டுங்க. ஒரு அம்மாவுக்கு மகன் இருக்கானா, செத்தானான்னு தெரியணும்.”

மருதப்பன் கடையைத் தாண்டித் தெருவைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு ஃபிலிம் சுருளோடு வந்து, விளக்குப் பெட்டிமேல் விரித்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். மாநிற முகம் வெளுத்திருக்கும், வெள்ளைச் சட்டை கறுத்திருக்கும். அப்படியென்றால் வெள்ளைத் திருநீறு கரிக்கட்டையாகத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்ததோ நெற்றி நடுவில் வெளிச்சமான ஒரு தீற்று.

“சார்! இவர் நெத்தியில இருக்கிறது கறுப்பு!”

“எண்ணெய்க் கறை,” என்றார் மருதப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு. “மெக்கானிக்கா இருப்பான்னு நினைச்சேன். நல்ல முகம், அதுல அழுக்கு. பிரின்ட்டுல மருந்து வெச்சுக் கறையை வெளுத்தேன். வெளுத்ததும் திருநீறு மாதிரியே களையா வந்துடுச்சு. தைப்பூசப் பிரிவுல போடலாம்னு அப்பத்தான் ஆசை வந்துச்சு.”

“புருவம்?”

“அது... ஒரு பக்கம் முடி இல்லாம இடைவெளி இருந்துச்சு. பிரஷ்ஷால நிரப்பிட்டேன்.” நாங்கள் இருவரும் அவரையே பார்ப்பதைக் கண்டு தடுமாறினார். “அழகாத்தானே ஆக்கினேன்?”

பிள்ளையைப் பெற்றவள் அடையாளம் காணும் இடம் இரண்டு. இரண்டையும் இந்த மனுஷன் நல்லெண்ணத்தோடு துடைத்து வைத்திருக்கிறார். திட்டத்தான் வாயைத் திறந்தேன். கண்ணாடிப் பெட்டியில் அந்த அம்மா நரைத்த தலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் மூடிக்கொண்டேன்.

“எங்க எடுத்தது?”

“இங்கேதான், ஜாலான் புசார் பக்கம். புத்தாண்டு லீவுல கழகத்தோட நடந்து போனோம். எந்த நாள்னு ஞாபகம் இல்லை. பெர்னார்டைக் கேளுங்க, அன்னைக்கு என் பக்கத்துலயே நின்னாரு. இவனை எடுக்காதேன்னு எனக்கு உபதேசம் வேற.”

நெகட்டிவை வாங்கிக்கொண்டு டாக்ஸியில் பெர்னார்டின் வீட்டுக்குக் கேலாங் போகும்போது சார் ஜன்னலில் வழிந்த மழையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கும் யாரும் கிடையாது. ஆபீஸுக்குப் பின்னறையில் தூங்கி, தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் தனியாகச் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று தெரியாமல் ஆபீஸைத் திறந்து வைக்கிற மனிதர். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று தெரியாமல் நானும் வருகிறேன்.

பெர்னார்டின் வீட்டு வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு இருந்தது. கேலாங்கில் என் வாடகை அறை வாசலிலும் அப்படித்தான் இருக்கும். பெர்னார்ட் ஓய்வு பெற்ற வாத்தியார். மனைவியும் பிள்ளைகளும் பெர்த்தில் குடியேறிவிட்டார்கள், இவர் மட்டும் போகவில்லை. இதை அவர் சொல்லவில்லை. சுவர் நிறைய இருந்த கங்காருப் படங்கள் சொல்லின.

“மருதப்பன் செய்யுறது போட்டோகிராபி இல்லை, மேக்கப்!” என்று ஆரம்பித்தார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. “ஸ்லைடுல அந்த விளையாட்டு நடக்காது. கேமராவுக்குள்ள போன அதே ஃபிலிம்தான் வெளியே படமா வருது. பிரின்ட்டுனு நடுவுல ஒருத்தன் கிடையாது. ஆண்டவன் குடுத்தது அப்படியே.”

“ஆண்டவனுக்கும் சில நேரம் கை ஆடிடும் சார்,” என்றேன்.

பரமசிவம் சார் நெகட்டிவைக் கொடுத்தார். பெர்னார்ட் அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார்.

“எண்ணெய்க் கறையா? அட மருதப்பா! இது சாம்பல். சாம்பல் புதன் அன்னைக்குப் பூசையில ஃபாதர் நெத்தியில வைப்பார். ‘மனிதனே, நீ மண்ணாய் இருக்கிறாய்’னு சொல்லி. எங்க வீட்டுல அதை விபூதிப் புதன்னே சொல்லுவோம். இந்த வருஷம் அது சீனப் புத்தாண்டு லீவுல வந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலப் பூசையில நானும் வெச்சுக்கிட்டேன்.”

ஓர் இந்து எண்ணெய்க் கறை என்று நினைத்தார். ஒரு முஸ்லிம் பெண்ணுக்கும் இன்னோர் இந்துவுக்கும் அது என்னவென்றே தெரியவில்லை. பார்த்ததும் தெரிந்துகொள்ளக்கூடிய பெர்னார்டோ, மருதப்பனின் பொய்ப் படத்தைப் பார்க்கமாட்டேன் என்று சபதம் எடுத்து, கண்காட்சிப் பக்கமே போகவில்லையாம். இந்த ஊரில்தான் இப்படி நடக்கும்.

“அப்போ அன்னைக்குக் காலையில இவர் கோயிலுக்குப் போயிருக்கார்,” என்றார் சார் மெதுவாக. “பிலோமினம்மாள் சாயங்காலப் பூசைக்குப் போறவங்க. அவங்க வராத நேரமாப் பார்த்துப் போயிருக்கார். ஆனா பூசை முடிஞ்சும் போகாம, தெருவுல நின்னு எதையோ பார்க்கிறார். அன்னைக்கு நீங்க எடுத்த ஸ்லைடு இருக்கா?”

திரைச்சீலையை இழுத்துவிட்டு பெர்னார்ட் புரொஜக்டரைப் போட்டார். சுவரில் ஜாலான் புசார் வண்ணத்தில் விழுந்தது. சிவப்புத் துணி, ஆரஞ்சு மரம், சைக்கிள்காரர், பூனை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், “இதுதான் நான் எடுத்ததுலயே நல்ல படம்,” என்று நிறுத்தினார். “தலைப்பு ‘தனிமை’.”

ஆளில்லாத தெருவில் ஒரு வயதான பெண் முதுகைக் காட்டியபடி நடந்து போகிறார். வெயிலுக்குக் குடை. பச்சைக் குடை, ஒரு பக்கம் மஞ்சள் துணி.

நான் சாரின் கையைப் பிடித்துவிட்டேன். அவரும் கண்டுவிட்டார். ஆனால் அவர் கேட்டது வேறு.

“மத்த படமெல்லாம் அகலமா இருந்துச்சு. இது மட்டும் ஏன் ஒல்லியா இருக்கு?”

பெர்னார்ட் புரொஜக்டரின் மூடியைத் துடைத்தார்.

“சார்,” என்றேன், “ஆண்டவன் குடுத்தது அப்படியேன்னு சொன்னீங்களே?”

அவர் ஸ்லைடை வெளியே எடுத்தார். அட்டைச் சட்டத்துக்குள், ஃபிலிமின் ஓர் ஓரத்தில் வெள்ளி நிற டேப் ஒட்டியிருந்தது. “இது திருத்தம் இல்லை. ஓரத்தை மறைக்கிறது. எல்லாரும் செய்யுறதுதான்...” அவர் குரல் தேய்ந்தது. “பின்னால ஒருத்தன் நின்னுட்டிருந்தான். அவன் இருந்தா அது எப்படித் தனிமை ஆகும்?”

நகத்தால் டேப்பை உரித்து, மறுபடியும் போட்டார்.

அந்த அம்மாவுக்குச் சற்றுப் பின்னால், பூட்டிய கடையோரம், வெள்ளைச் சட்டையில் அவன் நின்றான். நெற்றியில் சாம்பல். இடது புருவத்தில் இடைவெளி. அவன் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் குடையை.

ஏழு வருஷம் தனியாக நடந்தேன் என்று ஒருத்தி நினைத்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் நின்றவனை ஒருவர் அழகுபடுத்திவிட்டார், இன்னொருவர் அழகுக்காக மறைத்துவிட்டார். புரொஜக்டரின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெர்னார்ட் ஸ்லைடை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “குடுத்துடுங்க. எனக்கு வேணாம்,” என்றார்.

ஓபிர் ரோடு மாதா கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூசை இன்னும் தொடங்கவில்லை. வாசலில் பிலோமினம்மாளும் மகள் ஜோனும் நின்றார்கள். நான் ஸ்லைடைக் கொடுத்து, வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கட்டைவிரல் அகலப் படம். அதில் அவர் மகன் அரிசி அளவு.

“பெப்ரவரியில எடுத்தது,” என்றார் பரமசிவம் சார். “அன்னைக்கு உயிரோட இருந்தார். உங்களுக்குப் பின்னாலயே நின்னிருக்கார். நெத்தியில இருந்தது உங்க கோயில் சாம்பல்.”

ஜோன் ஸ்லைடை வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் உள்ளே ஓடினாள், தம்பியின் பெயரை எடுக்கச் சொல்ல.

பிலோமினம்மாள் அழவில்லை. “அவங்க அப்பா சவப்பெட்டி பக்கத்துல குடிச்சுட்டு வந்து நின்னான். ஊரே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ‘நீ எனக்குச் செத்துட்டே’ன்னு சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான்.” மூக்கை உறிஞ்சினார். “சொன்னபடி கேட்டிருக்கான். சின்னதுலேர்ந்தே அவன் என் பேச்சைத் தட்டமாட்டான்.”

குடையின் மஞ்சள் துணியை விரலால் தடவினார்.

“இந்தக் குடை அவர் வாங்கிக் குடுத்ததா?” என்று கேட்டார் சார்.

“முதல் சம்பளத்துல.”

“இன்னைக்கு அவர் அப்பா பேரை வாசிப்பாங்களா?”

“ஆமா,” என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். கூட்டத்தைச் சுற்றிப் பார்க்கத் தலையைத் திருப்பி, பாதியில் நிறுத்திக்கொண்டார். “அதைக் கேக்க வந்திருப்பான். இல்லை, நான் தேடினா ஓடிடுவான். நான் பார்க்கலை. நீங்க பாருங்க.”

எதிரே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். பூசை முடியும்வரை கோயில் வாசலில் நுழைந்த எல்லா ஆண்களின் புருவத்தையும் பார்த்துத் தீர்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. சார் காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே பெயர்கள் வாசிக்கும் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

கூட்டம் கலைந்தது. பிலோமினம்மாள் மகளை முன்னால் அனுப்பிவிட்டுத் தனியாக வெளியே வந்தார். மழை நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் குடையை விரித்தார். எங்கள் பக்கம் பார்க்காமல், பின்னால் திரும்பாமல், ஜாலான் புசார் பக்கம் மெதுவாக நடக்கத் தொடங்கினார்.

அடுத்த மேசையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஓர் ஆள் காப்பிக் குவளையை வைத்துவிட்டு எழுந்தான். தெருவைக் கடக்கும்போது வண்டி வருகிறதா என்று இந்தப் பக்கம் பார்த்தான். இடது புருவம் பாதியில் அறுந்திருந்தது.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். பரமசிவம் சார் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

“சத்தம் போடாதே.”

அவன் பிலோமினம்மாளுக்கு நாலு கடை பின்னால் நடந்தான். அவர் மெதுவாகப் போனால் அவனும் மெதுவாகப் போனான். திருப்பம் வந்ததும் அவர் நின்றார். அவனும் நின்றான். தலையைத் திருப்பவே இல்லை அந்த அம்மா. தன் தலைக்கு மேலிருந்த குடையை மட்டும் ஒரு பக்கமாக நகர்த்தி, பக்கத்தில் இன்னோர் ஆள் நிற்க இடம் விட்டுப் பிடித்துக்கொண்டு, அப்படியே காத்திருந்தார்.